முட்டிக்கு மேலே ஒரு சாண்

அம்மா இடது காலை முன்னால் வைத்துப் புடவையை முழங்கால் வரை தூக்கினாள். முட்டியில் கட்டைவிரலை ஊன்றி, சுண்டுவிரலை மேலே நீட்டி, ஒரு சாண் அளந்து காட்டினாள்.

“இந்த ஒசரந்தான். இதுக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம்.”

நடவிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கெண்டைக்காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. எதிரே குந்தியிருந்த அப்பா பீடியைக் காதில் செருகிக்கொண்டு அந்த அளவைப் பார்த்தார்.

“நாய் தேடப் போறமா, ரவிக்கைக்கு அளவு குடுக்கப் போறமா?”

“சிரிக்காதீங்க. பெரிய நாயின்னா நம்ம கஞ்சி பூராத்தையும் அதுவே குடிச்சிரும். சின்ன நாயின்னா அந்த ஆளு ஒரு எத்து விட்டாருன்னா வாய்க்கால்ல போயி விழும். நடுவாந்தரமாத்தான் வேணும். குனியாம உள்ள நொழையணும், தண்ணிப் பானையத் தட்டி விடக் கூடாது, கொலைச்சா மதகு வரைக்கும் கேக்கணும்.”

இத்தனை நிபந்தனைகளோடு என்னைக்கூட யாரும் பெண் பார்க்க வந்ததில்லை.

போன வாரம் என் மருமகள் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “அத்தை, நம்ம வீட்டுக்கு மீடியம் சைஸ்தான் சரியா வரும்னு போட்டிருக்கான். பீகிள் பாக்கலாமா, காக்கர் ஸ்பேனியல் பாக்கலாமா?” என்றாள். முடி கொட்டுமா, குழந்தைகளிடம் பழகுமா, எவ்வளவு குரைக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட்டிருந்தது. என் மகன் நடுவில் புகுந்து, நம் ஊர் ஜாதி நாய்தான் வேண்டும், கோம்பை வாங்கலாம் என்று கொடி பிடித்தான். சண்டை சாம்பார் ஆறும் வரை நடந்தது.

நான் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். மேலும் கீழும் நடந்தேன். நர்ஸ் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வார்டு வார்டாக நடந்த கால், ஓய்வு பெற்ற பிறகும் நிற்க மாட்டேன் என்கிறது. அதிலும் அந்த ‘மீடியம் சைஸ்’ என்ற வார்த்தை காதில் விழுந்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. ஒரு பாவத்தை இத்தனை வருஷமாக மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் துப்பிவிடுகிறேன்.

அடுப்பை இடிக்கிற ஆள்

எங்கள் தெரு நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, ஒரு பெரிய பண்ணையின் களத்தை ஒட்டி இருந்தது. தெரு என்றால் ஆறே ஆறு கூரை வீடுகள். மனை பண்ணையுடையது. அப்பா பிறந்ததும் அந்த வீட்டில்தான், நான் பிறந்ததும் அந்த வீட்டில்தான். ஆனால் ‘வீட்டைக் காலி பண்ணு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பானை சட்டியோடு வாய்க்கால் கரைக்குப் போக வேண்டியதுதான்.

அப்போது ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. கூலிக்கும் குத்தகைக்கும் ஊருக்கு ஊர் சண்டை. வயலில் ஒரு பக்கம் செங்கொடி, இன்னொரு பக்கம் வெளியூர் ஆள், நடுவில் போலீஸ் வேன் என்று அறுவடையே ஒரு யுத்தம்போல நடக்கும். அந்த நேரத்தில்தான் சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பண்ணை மனையில் யார் குடியிருக்கிறார்களோ, மனை அவர்களுக்கே சொந்தம், பட்டா தருவார்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ. என்போம், நேரில் வந்து, குடியிருப்பது உண்மையா என்று பார்த்து எழுதிக்கொண்டு போவார்.

செங்கொடிச் சங்கத்து ஆள் வந்து இதைப் படித்துச் சொன்ன அன்று அப்பா சாப்பிடவில்லை. சந்தோஷத்தில்தான். வீட்டை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்தார். மண்சுவரைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தார், மாட்டுச் சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல.

மிராசுதார் கும்பகோணத்தில் இருந்தார். பண்ணையை ஆண்டது காரியக்காரர். உயரமான, சிவந்த மனிதர், பச்சை சைக்கிள், வெற்றிலைப் பெட்டியைக் கேரியரில் கட்டியிருப்பார். அவர் தாலுகா ஆபீசில் என்ன சொன்னார் தெரியுமா? “அது வீடே இல்ல, பண்ணையோட வைக்கோல் கொட்டாய். அறுப்புக்கு வந்த ஆளுங்க ஒதுங்கியிருக்காங்க, அவ்வளவுதான்.”

சொன்னதோடு விட்டாரா? எல்லோரும் நடவுக்குப் போயிருக்கும் பகல் வேளையில் வந்து வீட்டைக் கொட்டாயாக மாற்றும் வேலையை ஆரம்பித்தார். கூரைமேல் படர்ந்திருந்த சுரைக்கொடியை வேரோடு அறுத்தார். கோழிக்கூண்டைத் தூக்கி வாய்க்காலில் போட்டார். அடுப்பை இடித்தார். அடுப்பு எரிகிற இடம்தானே வீடு! அது இல்லாவிட்டால் கொட்டாய்தானே?

முதல் தடவை இடித்தபோது அம்மா அழுதாள். மறுநாளே ஆற்றங்கரைக் களிமண் கொண்டுவந்து புதிதாகப் போட்டாள். இரண்டாம் தடவை இடித்தபோது அழவில்லை. காரியக்காரரின் பரம்பரை முழுவதையும் வரிசையாக அழைத்து ஒரு நாழிகை திட்டினாள். திட்டி முடித்த கையோடுதான் முட்டிக்கு மேலே சாண் வைத்தாள்.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பண்ணை ஆட்கள் எதிரே வந்தால் எங்கள் ஜனம் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். சங்கம் வந்த பிறகு அந்த வழக்கத்தை விட்டாயிற்று. அப்பா சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் ஜம்மென்று நடப்பார். கூட்டத்தில் பேசக்கூடப் பேசுவார். ஆனால் அந்தப் பச்சை சைக்கிளின் மணிச் சத்தம் கேட்டால் போதும், கை தானாக மேலே போய்த் துண்டை இறக்கிவிடும். இறக்கிய பிறகுதான் அவருக்கே தெரியும். தெரிந்ததும் அன்று முழுக்க யாரிடமும் பேச மாட்டார்.

வேண்டாம் என்று போன இரண்டு நாய்கள்

முதலில் பார்த்தது ஸ்டேஷன் நாய். நீடாமங்கலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஒரு காது மடிந்த செம்பட்டை நாய் இருந்தது. அம்மா சொன்ன உயரம் அச்சாகப் பொருந்தியது. அப்பா டீக்கடைப் பொறையைக் காட்டிக் கூப்பிட, அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தது. ரயில்வே கேட் வரை வந்தது. மன்னார்குடி வண்டி ஊதியதும் பொறையை மறந்தது, எங்களை மறந்தது, திரும்பி ஒரே ஓட்டம். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

“உத்தியோகத்துல இருக்கிற நாயி. நம்மகூட வருமா?” என்றார் அப்பா.

இரண்டாவது தரங்கம்பாடி நாய். அங்கே அம்மாவின் அண்ணன் ஐஸ் தூக்கும் வேலையில் இருந்தார். “கடற்கரையில நாய்க்கா பஞ்சம்? வாங்க மாப்ள” என்று அவர் கூப்பிட்டதால் அப்பாவும் நானும் போனோம். கோட்டைக்கு முன்னால் வலை காய்கிற மணலில் இருபது நாய்கள் படுத்திருந்தன. அப்பா ஒவ்வொன்றாக எழுப்பி நிற்க வைத்து, தன் முட்டியோடு ஒட்டி அளந்தார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

ஒரு சாம்பல் நிற நாயைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினோம். “மூட்டையில என்ன?” என்றார் கண்டக்டர். “கருவாடுங்க” என்றார் அப்பா. கருவாடு குரைத்தது. பஸ் முழுக்கச் சிரிப்பு. பாதி வழியில் இறக்கிவிட்டார்கள். மீதி வழி நடந்தோம். காலெல்லாம் கொப்புளம்.

அந்த மகாராஜாவுக்கோ கஞ்சி இறங்கவில்லை. மீன் வாசனை இல்லாத எதையும் முகர்ந்து பார்த்துவிட்டு எங்களைப் பரிதாபமாகப் பார்க்கும். நாலாம் நாள் மீன்காரம்மாவின் கூடைக்குப் பின்னால் போனது, போனதுதான்.

இதற்குள் ஆர்.ஐ. இன்று வருகிறார், நாளை வருகிறார் என்று தினம் ஒரு சேதி. யாருக்கும் வேலையில் மனம் ஓடவில்லை. வயலில் நிற்கும்போதே அம்மா நிமிர்ந்து நிமிர்ந்து வீட்டுப் பக்கம் பார்ப்பாள். கூரைக்கு மேலே காக்கை பறந்தால்கூட, “யாரோ வந்திருக்காங்க” என்பாள். அப்பா வரப்பில் ஏறி நின்று பார்த்துவிட்டு இறங்குவார். நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேனே தவிர, எந்தப் பாடமும் ஏறவில்லை. எந்த நேரமும் வீடு காணாமல் போய்விடும் என்ற பயம். 

நான் மறைத்த சேதி

மூன்றாவது நாயைக் கண்டுபிடித்தது நான்.

லீவு நாளில் பண்ணை மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளப் போவேன். மிராசுதார் மதராசிலிருந்து கொண்டுவந்த சீமை நாய் ஒன்று அங்கே இருந்தது. கன்றுக்குட்டி அளவு இருக்கும். அதற்கும் எங்கள் பக்கத்து நாய் ஒன்றுக்கும் பிறந்த நாய் கொட்டகையில் வளர்ந்துகொண்டிருந்தது. தேன் நிறம், முகத்தில் மட்டும் கறுப்பு, ஒரு காது நின்றும் ஒரு காது தொங்கியும் இருக்கும். ஜாதி கெட்டது என்று பண்ணை வீட்டுக்குள் அதைச் சேர்க்கவில்லை. என் பாவாடையைக் கவ்விக்கொண்டு கொட்டகை முழுக்க என்னோடு வரும். எனக்கு அதன்மேல் உயிர்.

நான் பார்த்த இன்னொன்றும் உண்டு. காரியக்காரர் மத்தியானம் கொட்டகைத் திண்டில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். சாப்பிடும்போது ஒரு கவளம் உருட்டி, குனிந்து, அதன் வாயிலேயே வைப்பார். “திங்கடா ராஜா” என்பார். எங்களுக்குக் கூலி நெல் அளக்கும்போது கழுத்தைக்கூடத் திருப்பாத மனுஷன், நாய்க்கு முன்னால் அப்படிக் குனிவார். எனக்கு அது அதிசயமாக இருந்தது.

இதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் நாய் கிடைக்காது என்று தெரியும். ஒன்பதோ பத்தோ வயது. ஆனாலும் தெரிந்தேதான் மறைத்தேன். விவரம் தெரியாத வயசு என்று யாரும் எனக்கு வக்காலத்து வாங்க வேண்டாம்.

ஒரு நாள் சாயங்காலம் சாணிக் கூடையோடு அதையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அப்பா பார்த்ததும் எரிந்து விழுந்தார்.

“பண்ணை நாயா? கொண்டு போயி விடு. ஊர்ல வேற நாயே இல்லியா?”

“அவங்க வேணாம்னு போட்டதுப்பா. உள்ளயே சேக்கல.”

அம்மா நாயைப் பக்கத்தில் நிறுத்தி, காலை முன்னால் வைத்து, முட்டியில் கட்டைவிரலை ஊன்றினாள். சுண்டுவிரல் நாயின் முதுகில் வந்து நின்றது. ஒரு நூல் கூடுதல் இல்லை, ஒரு நூல் குறைவு இல்லை. கஞ்சியை வைத்தாள். குடித்துவிட்டுச் சட்டியையும் நக்கியது. வாசலில் ஆடு வந்தது. மதகு வரைக்கும் கேட்கிற மாதிரி குரைத்தது.

“இதான்” என்றாள் அம்மா. “யாரு வூட்டுதா இருந்தா என்ன? நம்ம தண்டாயுதபாணி வந்து நிக்கிறாரு.”

தண்டாயுதபாணி என்று பெயரே ஆகிவிட்டது. சுருக்கித் தண்டம் என்று கூப்பிட்டார் அப்பா. கோபம் தீரவில்லை அவருக்கு.

பத்துப் பன்னிரண்டு நாட்கள் தண்டம் காவல் காத்தது பாருங்கள், அடடா! ஆட்டை விடவில்லை. கோழி பிடிக்கிறவனை விடவில்லை. தபால்காரரை மதகிலேயே நிறுத்தியது. ஓட்டு கேட்க வந்த ஜீப்பை வழி மறித்தது. ‘உங்க நாய் எதிர்க்கட்சியா’ என்று கேட்டுக்கொண்டு திரும்பினார்கள். அம்மா வயலில் நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்தினாள். அப்பாகூட ஒரு நாள், யாரும் பார்க்காதபோது, அதன் தொங்குகிற காதை நிமிர்த்திவிட்டார். நான் பார்த்துவிட்டேன்.

ஈர அடுப்பு

அன்று பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் போயிருந்தேன், நடவு முடிந்து மூவரும் சேர்ந்து வந்தோம். தண்டம் ஓடிவந்து எங்கள் காலைச் சுற்றியது. வாயில் புளியோதரை வாசனை. வாசலில் நக்கிச் சுத்தமாக்கிய வாழையிலை கிடந்தது. உள்ளே அடுப்பு மூன்றாம் தடவையாக உடைந்து கிடந்தது.

குரைக்கவே இல்லை அந்த நாய். சோறு போட்ட கையை வாலாட்டி வரவேற்று, அடுப்பை இடிப்பதை உட்கார்ந்து பார்த்திருக்கிறது.

அம்மா இலையைக் கையில் எடுத்து முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகமே சொல்லியிருக்க வேண்டும்.

“உனக்குத் தெரியுமாடி?”

நான் தலை குனிந்தேன். அகப்பைக் காம்பால் உச்சந்தலையில் விழுந்தது ஒன்று. இன்னும் தடவினால் வலிக்கிற மாதிரி இருக்கும். “அளவு பாத்தேன், கொரலு பாத்தேன், யாரு கையில தின்னு வளந்ததுன்னு கேக்காம வுட்டுட்டனே, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்” என்று தன்னையும் திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே களிமண் பிசைய உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில், இத்தனை நாள் ஏமாற்றிய ஆர்.ஐ. நிஜமாகவே வந்துவிட்டார்.

காக்கிக் குடை, தோல் பை, மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு காரியக்காரர். மற்ற வீட்டுக்காரர்களும் ஓடிவந்து நின்றார்கள். எங்களுடையது முதல் வீடு. இங்கே என்ன எழுதுகிறாரோ அதுதான் ஆறு வீட்டுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

தண்டம் எழுந்தது. காதைத் தழைத்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாக ஓடியது. காரியக்காரரின் வேட்டியில் முன்னங்கால்களை வைத்து, உடம்பு முழுவதையும் ஆட்டியது.

“பாத்தீங்களா சார்?” என்றார் காரியக்காரர். அதன் தலையைத் தடவிக்கொடுத்தார். “பண்ணை நாய். கொட்டாய்க் காவலுக்கு நாங்க விட்டு வச்சிருக்கோம். வேத்து வீடா இருந்தா இது என்னை உள்ள விடுமா? நேத்து வரைக்கும் இங்க அடுப்புகூடக் கெடையாது. போயித் தொட்டுப் பாருங்க, மண்ணு இன்னும் காயல.”

ஆர்.ஐ. குனிந்து உள்ளே போய் அடுப்பைத் தொட்டார். விரலில் ஈரக் களிமண் ஒட்டியது. வெளியே வந்து அப்பாவைப் பார்த்தார்.

“நீ என்னய்யா சொல்ற?”

அப்பாவின் துண்டு கக்கத்தில் இருந்தது. எப்போது இறங்கியதோ தெரியவில்லை. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. சங்கக் கூட்டத்தில் அத்தனை பேசிய மனிதர் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நிமிஷம் எனக்கு நாயின்மேல் கோபம் வரவில்லை, அப்பாமேல்தான் வந்தது. பேசுங்களேன்ப்பா, பேசித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கத்தினேன். வீடு போகப் போகிறது. என்னால் போகப் போகிறது.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“நாயி அவங்க நாயிதாங்க. நான் இல்லன்னு சொல்லல. வீடு எங்க வீடு. அடுப்ப அவரு மூணு வாட்டி இடிச்சாரு, நான் மூணு வாட்டி போட்டேன், ஈரமாத்தான் இருக்கும். நீங்க கீழ பாத்தது போதும். உள்ள வந்து மேல பாருங்க.”

“மேல என்ன?”

“வாங்கய்யா, வந்து பாருங்க.”

ஆர்.ஐ. மறுபடி குனிந்து நுழைந்தார். நானும் அவர் பின்னாலேயே நுழைந்தேன். அடுப்புக்கு நேர் மேலே கூரையைத் தாங்குகிற முகட்டு மூங்கில். அம்மா எம்பி அதில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். விரல் கருகருவென்று வந்தது. இழுத்த இடத்திலும் மூங்கில் தெரியவில்லை, அதற்குக் கீழேயும் கரிதான். கெட்டியாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, பட்டை பட்டையாக.

“கீத்த வருசா வருசம் மாத்துவோம். மூங்கில மாத்தல. இது என் மாமியா சோறாக்குன கரி, அதுக்கு முன்னாடி அவங்க மாமியா ஆக்குன கரி. வைக்கோல் கொட்டாயில எவனாச்சும் அடுப்பு எரிப்பானா? எரிச்சா வைக்கோலு இருக்குமா?”

ஆர்.ஐ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தானே ஒரு விரலை வைத்துச் சுரண்டினார். நகத்துக்குள் கரி ஏறியது. அந்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வெளியே வந்து, பையைத் திறந்து, எழுத ஆரம்பித்தார். எழுதிய காகிதத்தின் ஓரத்தில் கரிக் கறை பட்டதை நான் பார்த்தேன். பிறகு மற்ற ஐந்து வீட்டிலும் போய் நிமிர்ந்து மேலே பார்த்துவிட்டு வந்தார்.

காரியக்காரர் சைக்கிளைத் திருப்பினார். தண்டம் பின்னாலேயே மதகு வரை போனது.

இரண்டு வீட்டுப் பிள்ளை

அப்பா அன்று தடியை எடுத்தார். திரும்பிவந்த நாயை மதகுக்கு அப்பால் துரத்திவிட்டு வந்தார். “இனிமே அந்த நன்றி கெட்ட நாயி என் கண்ணுல படக் கூடாது” என்றார்.

“நன்றி கெட்டதா?” என்றாள் அம்மா. “அதுக்கு நன்றி கூடிப்போயிருக்கு. அதான் தொல்ல.”

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வரப்பு வரப்பாக நடக்கப் போனார். நாயைத் துரத்தியவருக்கு யார்மேல் கோபம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அழுதேன், சாப்பிட மாட்டேன் என்றேன், இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் தண்டம் தானாக வந்து அடுப்படியில் படுத்திருந்தது. காரியக்காரர் கொடுத்தது மத்தியானச் சோறு மட்டும்தானே, சாயங்காலக் கஞ்சி எங்கள் வீட்டில்தான். மத்தியானம் அங்கே, பொழுது சாய்ந்தால் இங்கே என்று அதுவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டது. அப்பா பார்க்காததுபோல இருந்தார். நாயும் அவரைப் பார்க்காததுபோல இருந்தது.

பட்டா வருவதற்குள் ஒரு குறுவை விளைந்து அறுத்தாயிற்று. தாலுகா ஆபீஸ் பந்தலில் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அப்பா அதைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி, வேறெங்கும் வைக்காமல், அந்தக் கரி மூங்கிலில் செருகி வைத்தார்.

மருமகளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். “எந்த ஜாதி வேணும்னாலும் வாங்கும்மா. அளவு, முடி, குரல் எல்லாம் பாரு. ஆனா அதுக்கு இதுவரைக்கும் யாரு சோறு போட்டாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வாங்கு” என்றேன். அதற்கு நட்சத்திரம் இல்லையே அத்தை என்றாள். இருக்காதுதான்.

சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி.

பட்டா வந்து சில நாட்களில், குறுவை அறுத்த வயலில் தாளடி நடவு தொடங்கியது. பண்ணைக்கு ஆள் வேண்டும். ஒரு காலை வேளையில் அப்பா வாசலில் குந்தி, புது வேலிக்கு மூங்கில் முளை அடித்துக்கொண்டிருந்தார். பச்சை சைக்கிளின் மணி கேட்டது.

காரியக்காரர் வந்து இறங்கினார். எப்போதும் நேராக உள்ளே வருகிறவர், அன்று வேலிக்கு வெளியிலேயே நின்றார். தண்டம் வழக்கம்போல ஓடி, வேலி இடுக்கில் மூக்கை நுழைத்து, இடுப்பு ஒடிந்துவிடும்போல வாலை ஆட்டியது.

அப்பா எழுந்து நின்றார். கை மேலே போனது. துண்டின் நுனியைப் பிடித்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.  துண்டு பாதி வரை இறங்கியது, அங்கேயே நின்றது. 

அப்பா காரியக்காரரைப் பார்க்கவில்லை. குனிந்து நாயைப் பார்த்தார்.

“நீ ஆட்டிக்கடா தண்டம். நல்லா ஆட்டிக்க. உனக்குச் சோறு போட்டது அவரு.”

துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்து நேரே பார்த்தார்.

“அவருக்குச் சோறு போட்டது நான்.”